லேசர் மெஷினுக்கு வைத்த பொட்டு

1

இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு என் மெஷினுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். மெஷின் இருப்பது ஆய்வகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய், பின்பக்கம் ஒயர்கள் நுழைகிற இடத்துக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் குழைத்து ஒரு பொட்டு. ஒளித்து வைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. முன்பக்கம் பூராவும் எச்சரிக்கை ஸ்டிக்கர்கள், இடமே கிடையாது.

அன்றைக்குப் பாலக்கோட்டிலிருந்து அப்பா தவறாமல் வீடியோவில் வருவார். தக்காளி லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு லாரி வாங்கி, இப்போது அதையும் என் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தபடியே அதட்டிக்கொண்டிருக்கும் மனுஷன்.

"என்னா பாப்பா, மிஷினுக்குப் பொட்டு வெச்சியா?"

"வெச்சிட்டேம்பா."

"எலுமிச்சம்பழம்?"

"இதுக்குச் சக்கரமே இல்லப்பா. எதுக்கடியில வெக்கறது?"

"சக்கரம் இல்லாத வண்டிதான் உனக்குச் சோறு போடுதா? சரி சரி, நடத்து."

எனக்கு ஊர் ஏக்கம் பெரிதாகக் கிடையாது. வந்த இடத்தில் வேலை பிடித்திருக்கிறது, குளிரும் பழகிவிட்டது. பொட்டு வைப்பது ஏக்கத்தால் இல்லை. சோறு போடுகிற கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை செய்வது எங்கள் வீட்டு வழக்கம், அவ்வளவுதான். ஆனால் போன வருடம் அதே பொட்டைச் சாக்காக வைத்து ஒரு பெரிய தப்பு நடக்கப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

ஊருக்கு வரும்போது "அங்க என்னா வேலை?" என்று கேட்பவர்களிடம் டி.என்.ஏ. ஆராய்ச்சி என்று சொன்னால், "யாரு அப்பன்னு கண்டுபுடிப்பாங்களே, அதுவா?" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது இல்லை. என் வேலையில் யார் குடும்பத்துக்கும் ஆபத்து கிடையாது.

டி.என்.ஏ. என்பது மெல்லிய நீளமான நூல். ஒரு மரபணுவை மருந்தாக உடம்பின் செல்லுக்குள் அனுப்ப வேண்டுமென்றால் அந்த நூலை அப்படியே விட்டால் போய்ச் சேராது. பூக்கட்டும் நாரை உருண்டையாகச் சுற்றி வைப்போமே, அந்த மாதிரி சுருட்டித்தான் அனுப்ப வேண்டும். டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சுருட்டிவிடும் மூலக்கூறுகள் உண்டு. எங்கள் குழுவில் யோனாஸ் என்ற வேதியியல்காரர் அப்படி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அது ஒழுங்காகச் சுருட்டுகிறதா, உருண்டை எவ்வளவு பெரியது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்த உருண்டை தெரியாது. அதனால் ஒளியை விட்டுப் பார்க்கிறோம்.

விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குள் லாரி நுழையும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் புழுதி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவோடு லாரியில் போன நாட்களில் நான் வேடிக்கை பார்த்ததெல்லாம் அதைத்தான். புழுதி ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெளிச்சம் போகிற வழியே நம் கண்ணுக்குத் தெரிகிறது. என் மெஷினிலும் அதே கதைதான். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் தண்ணீருக்குள் லேசர் போகும். உள்ளே மிதக்கும் துகள்களில் பட்டு ஒளி சிதறும். சிதறிய ஒளி துடித்துக்கொண்டே இருக்கும். சின்னத் துகள் வேகமாக அலைவதால் துடிப்பும் வேகமாக இருக்கும், பெரிய துகளுக்கு மெதுவாக. துடிப்பின் வேகத்தைக் கொண்டு துகளின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இதற்கு ஒரே எதிரி தூசி. துகள் பத்து மடங்கு பெரிதானால் அது சிதறடிக்கும் ஒளி பத்து லட்சம் மடங்காகும். குப்பிக்குள் ஒரே ஒரு தூசி விழுந்தால் போதும், அந்த வெளிச்சத்தில் டி.என்.ஏ. இருக்கிற இடமே தெரியாது. அப்படிப்பட்ட மெஷினுக்கா போய்க் குங்குமம் வைத்தாய் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

3

தர்மபுரியில் நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்த கல்லூரியில் ஆயுத பூஜை வந்தால் லேப் முழுவதும் சந்தனம் மணக்கும். தராசு, காந்தம், பேட்டரி, எதையும் விட்டு வைக்க மாட்டோம். ஒரு வருடம் ஆர்வக்கோளாறில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் கண் வைத்துப் பார்க்கும் முனையிலேயே உலர்ந்த குங்குமத்தை அப்பிவிட்டோம். அடுத்த வாரம் சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைப் பார்க்கக் குனிந்தவர்கள் எல்லாம் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையத்தோடு நிமிர்ந்தார்கள். எங்கள் பேராசிரியரும்தான். அவர் அந்த வளையத்தோடேயே அடுத்த வகுப்புக்குப் போய் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் உலர்ந்த குங்குமத்தைக் கருவி பக்கத்தில் கொண்டுபோவதில்லை. வீட்டிலேயே சந்தனத்தில் நன்றாகக் குழைத்து எடுத்துப் போவேன். இரும்புத் தகட்டின் மேல்தான் வைப்பேன், கண்ணாடி இருக்கும் பக்கமே போகமாட்டேன். காய்ந்தால் பெயிண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஐந்து வருடமாக அப்படித்தான் வைத்தேன், ஐந்து வருடமும் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

4

இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில், வங்கியில், பல் டாக்டரிடம், எங்கே போனாலும் நான் 'திருமதி மாணிக்கம்'. அப்பாவிடம் சொன்னதற்கு, "அப்ப சம்பளமும் என் பேர்லதான் வருதா?" என்று கேட்டார்.

ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்க உண்டு. நம் பக்கத்தில் சந்தேகம் வந்தால் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. நானும் அதே நினைப்பில் என் மகள் கயலின் எட்டு வயதுத் தோழிகளிடம் "தாங்கள் ஜூஸ் அருந்துகிறீர்களா?" என்கிற தோரணையில் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளைகள் மிரண்டுபோய்ச் சுவரோரம் நின்றன. கயல்தான் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

அப்போது எட்டு வயது, இப்போது பதினான்கு. நான் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் விடாமல் கேட்டால் தமிழுக்கு வருவாள். தாத்தாவிடம் பேசுவது "நல்லா இருக்கேன் தாத்தா, பை தாத்தா" என்பதோடு சரி. மெஷினுக்குப் பொட்டு வைப்பதைப் 'பைன்லிஷ்' என்பாள். மானத்தை வாங்குகிறாய் என்று அர்த்தம். அவள் வயதுப் பிள்ளைகள் ஓயாமல் சொல்லும் சொல் அது, எனவே நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் என் மகள் எனக்கு எட்டாத ஏதோ ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள் என்று சில நாள் பயமாக இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் வேலை ஒப்பந்த வேலை. அது இருக்கும் வரைதான் விசா. என் விசாவை நம்பித்தான் கயலும் என் வீட்டுக்காரரும் இங்கே இருக்கிறார்கள். போன வருட ஆயுத பூஜை சமயத்தில் என் ஒப்பந்தத்துக்கு அடுத்த மார்ச் வரைதான் ஆயுள். யோனாஸின் மூலக்கூறு தேறினால் ஒரு மருந்துக் கம்பெனி அடுத்த கட்டத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பணம் வந்தால் என் வேலை நீளும். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். விசா அலுவலகத்தில் இருந்த அம்மையாரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டேன்.

"புதிய ஒப்பந்தம் கிடைத்ததும் வாருங்கள், விசாவை நீட்டிக்கிறோம்."

"விசா நீட்டித்தால்தான் புதிய ஒப்பந்தம் தருவோம் என்கிறார்களே."

"ஆமாம்," என்று அன்பாகச் சிரித்தார்.

5

அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைசிச் சோதனை. அதுவரை சுத்தமான தண்ணீரில்தான் அளந்திருந்தோம். எல்லாம் ஒரே அளவு உருண்டைகள், பார்க்கவே ஆசையாக இருக்கும். இனி ரத்தத்தில் உள்ள அளவுக்கு உப்பு சேர்த்த தண்ணீரில் பார்க்க வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் கம்பெனிக்கு அறிக்கை போய்விடும்.

குப்பியை வைத்து மூடினேன். திரையில் வழக்கமான மேடு வந்தது. அதற்குப் பக்கத்தில், இருக்கக் கூடாத இடத்தில், இன்னொரு மேடு. பெரிய துகள்கள். ஒன்று அது தூசியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீரில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகின்றன. கட்டியானால் அது மருந்துக்கு ஆகாது, ரத்தக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

யோனாஸ் முகம் வெளுத்துப்போய் மெஷினைச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்றுவிட்டார்.

"இது என்ன சிவப்பாக?"

ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. பூஜை, சந்தனம், குங்குமம், எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பேராசிரியர் ஹைக்கே வந்தார். நல்ல மனுஷி, சத்தமாகச் சிரிப்பவர். குனிந்து பொட்டைப் பார்த்தார்.

"பொடியா இது? அப்படியானால் விஷயம் முடிந்தது. வடிகட்டி மறுபடியும் அளந்துவிடுங்கள்."

தூசி என்றால் சன்னமான வடிகட்டியில் விட்டு அளப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். செய்தேன். பெரிய மேடு காணாமல் போய்விட்டது. ஹைக்கே கை தட்டினார். "உங்கள் கடவுள்தான் காரணம், திருமதி மாணிக்கம்!" யோனாஸ் நாளைக்குக் கேக் கொண்டு வருகிறேன் என்றார். இங்கே ஒருவருக்கு நல்லது நடந்தால் அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கிவர வேண்டும்.

நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய மேடு போனது சரி. ஆனால் சின்ன உருண்டைகளிலிருந்து வரும் ஒளியும் பாதியாகக் குறைந்திருந்தது. குங்குமத்தை வடிகட்டினால் டி.என்.ஏ. ஏன் குறைய வேண்டும்? வடிகட்டியில் தங்கிப்போனது குங்குமம் இல்லை, டி.என்.ஏ.தான் என்று எனக்குத் தோன்றியது. அது உண்மையென்றால் கேக்கும் இல்லை, கம்பெனியும் இல்லை, மார்ச்சுக்குப் பிறகு நானும் இல்லை.

6

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கடத்தூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். "உனக்கு எது சரின்னு படுதோ செய், பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். கயல் போகவில்லை. அபூர்வமாகத் தமிழில் ஆரம்பித்தாள்.

"அம்மா, அது குங்குமம்னே இருந்துட்டுப் போகட்டுமே. அவங்கதானே சொல்றாங்க, நீ சொல்லலையே."

"நாளைக்கு அது ஒருத்தர் ரத்தத்துல போறது கண்ணு."

"நாளைக்கு இல்ல, பத்து வருஷம் கழிச்சு. அதுக்குள்ள வேற யாராவது கண்டுபிடிப்பாங்க. நாம ஊருக்குப் போயிட்டா நான் எந்த ஸ்கூல்ல படிப்பேன்? எனக்குத் தமிழ் எழுதறதே மறந்துபோச்சு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னை அதட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று ஒரு நப்பாசை.

"வுடு பாப்பா," என்றார். "பொட்டு மேல பழியப் போட்டாப் போடட்டும். சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. தக்காளி நசுங்கிப் போனா நாங்கோ ரோட்டு மேல பழியப் போடறதில்லையா? ரோடு வந்து சண்டைக்கா நிக்குது?"

"ஏம்ப்பா, தக்காளியும் மருந்தும் ஒண்ணா?"

"ஒண்ணில்லதான். ஆனா உனக்கு அங்க வூடு இருக்குது, கொழந்தை படிக்குது. பாத்துக்கோ."

பேச்சை மாற்றி, மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். அவருக்கு நெஞ்சுவலி வந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட இருந்தேன். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மாவை "மெதுவா போடும்மா, இது சதை" என்று வம்பிழுப்பார். மருந்துச் சீட்டோடு நான்தான் கடைக்கு ஓடுவேன். சீட்டில் எழுதியிருந்த பெயர் ஹெப்பாரின்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஹெப்பாரினும் டி.என்.ஏ. மாதிரி மின்சுமை உள்ள நீள நூல்தான், ஆனால் அதைவிடப் பலமாக இழுக்கும். யோனாஸின் மூலக்கூறு டி.என்.ஏ.வை விட்டுவிட்டு அதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டிகள் டி.என்.ஏ.வால் ஆனவை என்றால் அவிழ்ந்துவிடும். குங்குமம் என்றால் ஹெப்பாரினை அது சட்டையே செய்யாது. இனி யாரும் யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை, மெஷினே சொல்லிவிடும். தீர்மானம் பண்ணிய பிறகு எனக்கு நல்ல பசி எடுத்தது, சாப்பிட்டேன்.

7

காலையில் பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கயல் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

யோனாஸைக் கீழே கூப்பிட்டேன். கேக்கோடு வந்தார். ஆப்பிள் கேக், அவரே செய்தது.

"எல்லாம் நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள். நான் தொடமாட்டேன்," என்றேன்.

இரண்டு குப்பி. ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீரும் சிட்டிகை குங்குமமும். அந்த மெஷினின் ஆயுளில் அதற்குள் தெரிந்தே தூசி போட்டது அதுதான் முதல் தடவை, பார்க்க எனக்கே கூசியது. இன்னொன்றில் வடிகட்டாத அவருடைய மாதிரி. இரண்டிலும் பெரிய மேடு. பிறகு இரண்டிலும் ஹெப்பாரின் விட்டார்.

குங்குமக் குப்பியில் மேடு அசையவில்லை. யோனாஸின் குப்பியில் மேடு கரைந்து, ஒளி அடங்கிப்போயிற்று.

அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். மூன்று வருட உழைப்பு அது. ஆனால் நான் செய்தது தப்பு என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

ஹைக்கே வந்து திரையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "உங்கள் பொட்டிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்றார். பிறகு, "கேக் வீணாகப் போகக்கூடாது," என்று அவரே வெட்டினார். மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

8

கம்பெனி பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒதுங்கிக்கொண்டது. மார்ச் வந்தது. ஹைக்கே எங்கெங்கோ எழுதி, மெஷினைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று வாதாடி, எனக்கு ஆறு மாத ஒப்பந்தம் வாங்கினார். விசா அலுவலகத்து அம்மையார் அதைப் பார்த்துவிட்டு ஆறு மாத விசா கொடுத்தார், அதே அன்பான சிரிப்போடு. கயல் என்னோடு பேசினாள், ஆனால் ஜெர்மனில் மட்டும். யோனாஸ் அடித்தளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு வேறு ஆளிடம் மாதிரிகளைக் கொடுத்தனுப்பினார். இரண்டும் வலித்தன. எது அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

கோடை முடியும் சமயம் யோனாஸ் தானே இறங்கி வந்தார். மூலக்கூறில் கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பகுதியைக் குட்டையாக்கியிருந்தார். குப்பியை நீட்டினார்.

"உப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது. வடிகட்டாமல் அளந்து பாருங்கள், திருமதி மாணிக்கம்."

ஒரே ஒரு மேடு. பக்கத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கும் அளப்போம் என்றேன். "நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரியும்," என்றார். மறுநாளும் அதுவே வந்தது, அதற்கு மறுநாளும். கம்பெனி திரும்பி வந்தது. என் புதிய ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு.

இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துவிட்டு, அது காய்ந்ததும் மேலே ஒரு செல்லோடேப் ஒட்டினேன். மெஷினுக்குத் தேவையில்லை. ஹைக்கேயின் மன நிம்மதிக்காக.

அன்று சாயங்காலம் கயல் பையை விசிறி எறிந்துவிட்டு வந்தாள். இயற்பியல் வகுப்பில் லென்ஸின் குவியத் தூரத்தை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். லென்ஸ் வந்த பெட்டியின் மேலேயே எண் அச்சடித்திருந்ததாம். வகுப்பு முழுக்க அந்த எண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டது. இவளுக்கு வந்தது வேறு எண். இவள் அதையே எழுதியிருக்கிறாள். மார்க் குறைந்துவிட்டது.

"எல்லாம் உன்னாலதான்," என்றாள், தமிழில், மூச்சு வாங்க. "பெட்டியில இருந்தத எழுதலாம்னு பேனாவ எடுத்தேன். கை வரல. உன்னாலதான் அம்மா!"

"சரியா அளந்தியா?"

"திரும்பத் திரும்ப அளந்தேன். அதேதான் வந்துச்சு."

"அப்புறம் என்ன," என்றேன். "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."